நாளைக்கு உதைக்கலாம்

கால்பந்து மைதானத்தின் கிழக்கு கேலரியில் மூன்றாவது வரிசை, விளக்குக் கம்பத்துக்கு இடப்புறம் ஒரு பெஞ்சு இருக்கிறது. எந்தப் பத்திரத்திலும் எழுதி வைக்கவில்லைதான், ஆனாலும் அது மூன்று பேருடையது. வேறு யாராவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் முறைத்தே எழுப்பிவிடுவார்கள்.

முதலாமவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். யார் எத்தனை பாஸ் கொடுத்தான், எத்தனை வழி தப்பிப் போனது என்று நோட்டில் கோடு கிழிக்காவிட்டால் அவருக்கு ஆட்டம் பார்த்த மாதிரியே இருக்காது. இரண்டாமவர் லிஃப்ட் மெக்கானிக். பதினாலு வருடமாக மேல் பிரிவுக்கும் ஏறாமல் கீழ்ப் பிரிவுக்கும் இறங்காமல் கிடக்கும் அவர்களுடைய அணியை, "ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட கேஸு" என்பார். மூன்றாவது ஆள் ஒரு பெண். பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் லேபில் இருபத்திரண்டு வருடமாக வேலை. வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றுவது, மெழுகில் பல் பதிப்பது, வேகவைத்து எடுத்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவது எல்லாம் அவள் கைதான். "பல்லுப் போனால் சொல்லுப் போச்சு. ஊர்ல பாதிப் பேர் பேசறதே என் புண்ணியத்துல" என்று அவளே சொல்லிக்கொள்வாள். பெஞ்சில் அவளுக்குப் பெயர் பல்செட்டு அக்கா. வாத்தியாருக்கு அவளைவிட இருபது வயது கூட. அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அந்த பெஞ்சுக்கு ஒரு வழக்கம் உண்டு. அணிக்குள் புதிதாக ஒரு பொடியன் வந்தால் பத்து ஆட்டம் வரைக்கும் அவனைப் பற்றித் தங்களுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். பத்தாவது ஆட்டம் முடிந்ததும் தீர்ப்பு. தேறுவான், தேற மாட்டான், இரண்டில் ஒன்று. வாத்தியார் அதை மைப் பேனாவில் எழுதிவிடுவார். அப்புறம் அந்தப் பையன் உலகக் கோப்பையே வாங்கி வந்தாலும் அடித்துத் திருத்த மாட்டார். இதுவரை இருபத்து மூன்று பையன்களுக்குத் தீர்ப்புச் சொல்லி, பதினெட்டு சரியாக வந்திருக்கிறது. தப்பிப்போன ஐந்துக்கும் லிஃப்ட் மெக்கானிக்தான் காரணம் என்பது மற்ற இருவரின் கட்சி.

ஒரு சட்டமும் உண்டு. முன்பு நான்காவதாக ஒருவர் உட்காருவார், கோல்கீப்பரின் மாமனார். மருமகன் கோல் விட்டால் காற்று என்பார், வெயில் என்பார், புல் ஈரம் என்பார். ஒருநாள் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை, புல்லும் காய்ந்து கிடந்தது. பந்து காலுக்கு நடுவே போனது. மனிதர் கூசாமல், "அவனுக்கு ராத்திரி தூக்கமில்லை" என்றார். வாத்தியார் எழுந்து நின்று, "காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. நீங்க கீழ போயிடுங்க சார்" என்று சொல்லிவிட்டார். படிக்கட்டுக்குக் கீழே ஆட்டக்காரர்களின் குடும்பத்துக்கென்று ஒரு வரிசை தகர நாற்காலி போட்டிருக்கும். அன்றிலிருந்து சட்டம் இதுதான்: சொந்தக்காரர்கள் அங்கே உட்கார்ந்து கை தட்டலாம், இங்கே உட்கார்ந்து வாய் திறக்கக் கூடாது.

இந்தச் சட்டத்தை ஆதரித்து அன்று கையைத் தூக்கியவள் அக்கா. இந்த வருடம் அதுவே அவள் தொண்டையில் முள்ளாக நின்றது.

ஏனென்றால், எல்லாரும் வாய் ஓயாமல் பேசும் எட்டாம் நம்பர், பதினேழு வயது நடுக்கள ஆட்டக்காரன், அவளுடைய அண்ணன் மகன்.

இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை அவளிடம் வளர்ந்தவன். அண்ணனும் அண்ணியும் கப்பல் துறைமுகத்தில் ஆளுக்கொரு ஷிஃப்டில் இருந்தார்கள். பிள்ளையை இவளிடம் விட்டிருந்தார்கள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவளுக்குக் கையில் ஒரு பிள்ளை கிடைத்தது. முன்பல் இரண்டும் விழுந்த வயதில் அவன் மிச்ச மெழுகைக் கடித்து வைக்க, அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்தாள். அது இன்னும் லேப் அலமாரியில், கண்டவர் வாய்களுக்கு நடுவே, முன்னால் ஓட்டையோடு இருக்கிறது. ஓட்டைக்கு இரு பக்கமும் துருத்திய ஓரப்பற்களைப் பார்த்துத்தான் 'எலிப்பல்லா' என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

ஒரு சாயங்காலம், அவசர வேலையாக ஒரு பல்செட்டை வீட்டுக்கே கொண்டுவந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்கட்டில் சுவரில் பந்து உதைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சத்தம் நின்றதை அவள் கவனிக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிய பந்தை எடுக்கப் போய் அவன் விழுந்தான். வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது.

கட்டுப் போட்டிருந்த அந்த இரண்டரை மாதமும், திண்ணையில் உட்கார்ந்தபடியே இடது காலால் பந்தைத் தட்டப் பழகினான். சொன்னால் கேட்கிற ஜாதியா அவன்? கட்டைப் பிரித்த பிறகும் அவளுக்குப் பயம் தீரவில்லை. "நான் சொல்ற வரைக்கும் அடிபட்ட காலால உதைக்கக் கூடாது" என்று தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். அவன் தினமும் காலையில் கண் விழித்ததும் கேட்பான்.

"அத்தை, இன்னிக்கு உதைக்கலாமா?"

"நாளைக்கு."

மூன்று வாரம் இப்படியே போனது. பிறகு அண்ணன் வந்தார். "உன்ன நம்பி விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றார். அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசினாள். பேசியிருக்கக் கூடாத வார்த்தைகள். பிள்ளையின் துணிமணியை அள்ளிக்கொண்டு அவர் வண்டியில் ஏற்றியபோது, அவன் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "அத்தை, உதைக்கலாமா?" என்றான். பழக்க தோஷம், "நாளைக்குடா" என்றாள். வண்டி போய்விட்டது. அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அந்த நாளை வந்து சேரவே இல்லை. பதினோரு வருடம் ஆகிறது.

போன வருடம் இளைஞர் அணிப் பட்டியலை மைதான வாசலில் ஒட்டியபோது தன் அப்பாவின் பெயர் அதில் இருப்பதைப் பார்த்தாள். பேரனுக்குத் தாத்தா பெயரைத்தானே வைத்தார்கள். அடுத்த நாளே லேபிலிருந்து நேராகக் கிளப் விடுதிக்குப் போனாள். அவன் சிநேகிதர்களோடு வெளியே வந்தான். ஆள் வளர்ந்து அவளைத் தாண்டி நின்றான். "யாரும்மா வேணும்?" என்று மரியாதையாகக் கேட்டான். "இங்க பல் டாக்டர் கிளினிக் எங்கப்பா இருக்கு?" என்று அவள் உளறினாள். அவனும் வழி சொன்னான். அவளே பல் செய்து கொடுக்கிற கிளினிக்தான் அது.

பஸ்ஸில் ஏறிய பிறகு ஜன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். தலையில் லேப் தொப்பி, முகத்தில் தூசி மாஸ்க். கழற்றவே மறந்திருக்கிறாள். கண்ணைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவன் தன்னை மறந்துவிட்டானா, இல்லை மாஸ்க்கால் தெரியவில்லையா? இதற்கு விடை தெரியாமல் அவள் ஒரு வருடம் தூக்கத்தைத் தொலைத்தாள். திரும்பப் போய்க் கேட்கத் தைரியம் இல்லை. மறந்துவிட்டான் என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது?

அவன் பெரிய அணிக்கு வந்ததும் அவளுக்கு இன்னொரு சிக்கல் வந்தது. உறவைச் சொன்னால் பெஞ்சு போகும். அது போனால் போகிறது. "உங்க அண்ணன் பையனா? அப்ப ஏன் உங்களைப் பார்க்கவே வரமாட்டேங்கிறான்?" என்று கேட்பார்களே, அதற்கு என்ன சொல்வது? ஆக, மறைத்தாள். மறைக்கிறவர்கள் செய்கிற தப்பையே அவளும் செய்தாள். மற்றவர்களைவிட ஒரு படி மேலே போய் அவனைக் கரித்துக் கொட்டினாள்.

"விளையும் பயிர் முளையிலேயே தெரியும் அக்கா. பந்து வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு தோளுக்குப் பின்னாலயும் பார்த்துக்கறான். இந்த வயசுல யாருக்கு வரும்?" என்பார் லிஃப்ட் மெக்கானிக்.

"பிஞ்சுல பழுத்தது நிக்காது" என்பாள் அக்கா. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருப்பாள்.

வாத்தியாரின் குறை வேறு. நோட்டைப் புரட்டி, "ஒம்பது ஆட்டத்துல அறுநூத்திப் பன்னெண்டு தடவை பந்து அவன்கிட்ட வந்திருக்கு. வலது காலால உதைச்சது ஒண்ணுகூட இல்ல. நிறுத்துவான், உருட்டுவான், உதைக்கறதுன்னா காலை மாத்திக்கிறான். அந்த அரை நொடியில பெரிய டீம்காரன் பந்தைப் புடுங்கிட்டுப் போயிடுவான். ஒத்தைக் கால் பையன் தேற மாட்டான்" என்றார்.

"உலகத்துல எத்தனையோ பேர் ஒத்தைக் கால்தான் சார்" என்றார் மெக்கானிக்.

"அவங்களுக்கு இன்னொரு கால் வராது. இவனுக்கு வரும்போல இருக்கு, ஆனா மாட்டேங்கிறான். அதான் எனக்குப் புரியல."

புரிந்தது அக்காவுக்கு மட்டும்தான். அல்லது புரிந்ததாக அவள் ஆசைப்பட்டாள். மறந்திருந்தால் உதைத்திருப்பானே? உதைக்காமல் இருக்கிறானென்றால் எங்கேயோ ஓர் ஓரத்தில் தான் இன்னும் இருக்கிறோம் என்றுதானே அர்த்தம்? இப்படி நினைக்க நினைக்க அவளுக்கு இனித்தது. ஆனால் தன்னை நினைவு வைத்திருப்பதற்காகப் பிள்ளை தேறாமல் போக வேண்டுமா?

பத்தாவது ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வேறு நாட்டுப் பெரிய கிளப் ஒன்றிலிருந்து ஆள் வந்து எட்டாம் நம்பரைப் பார்க்கப்போவதாகப் பத்திரிகையில் போட்டிருந்தது. பிடித்துவிட்டால் அடுத்த மாதமே கூட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். எதிர்க் கேலரியில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மொத்தம் எண்ணூறு பேர்கூட இருக்காது.

ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆட்டம் இழுத்துக்கொண்டிருந்தது. முடிய கால் மணி நேரம் இருக்கும்போது கோல் பெட்டிக்கு முன்னால் பந்து எட்டாம் நம்பரின் வலது காலுக்கு நேராக வந்து விழுந்தது. ஒரு தட்டுத் தட்டினால் கோல். அவன் காலை மாற்றினான். எதிரணிக்காரன் குறுக்கே விழுந்து பந்தை வெளியே தள்ளினான். கேலரி முழுக்கத் தலையில் கை வைத்தது. வாத்தியார் பேனா மூடியைத் திறந்தார்.

"எழுதிடலாமா?"

"கார்னர் இருக்கு சார், பொறுங்க" என்றார் மெக்கானிக்.

கார்னர் உதைக்க அவன் கிழக்குப் பக்கம் வந்தான். பெஞ்சுக்கும் கொடிக்கும் நடுவே பத்தடி, ஒரு கம்பி வேலி, அவ்வளவுதான். குனிந்து பந்தை வைத்தான். வலது முழங்காலுக்குக் கீழே, சரிந்திருந்த சாக்ஸுக்கு மேல், அன்று விழுந்ததில் பட்ட தழும்பு அவளுக்குத் தெரிந்தது. என்ன செய்கிறோம் என்று யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். எழுந்து நின்று கத்தினாள்.

"டேய் எலிப்பல்லா! நாளைக்கு வந்தாச்சுடா! உதைக்கலாம்!"

மெக்கானிக்கின் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. குனிந்திருந்தவன் அப்படியே நின்றான். நிமிர்ந்து கேலரியை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். அவள் முகத்துக்கு வந்ததும் பார்வை நின்றது. ரெஃப்ரி இரண்டு தரம் விசில் ஊதினார். அவன் திரும்பி, எப்போதும் போல இடது காலால் கார்னரை உதைத்தான். எதிரணிக்காரன் தலையால் முட்டி வெளியே அனுப்பினான்.

அவள் உட்கார்ந்தாள். ஆக, அவ்வளவுதானா? மாஸ்க் இல்லை, தொப்பி இல்லை, நேருக்கு நேர் பார்த்தான். பைத்தியக்காரி என்று நினைத்திருப்பான். பக்கத்தில் இருந்த இருவரும் அவளைப் பார்க்காமல் மைதானத்தையே பார்த்தார்கள்.

கடைசி நிமிடம். நடுக்களத்தில் பந்து மறுபடியும் அவனுடைய வலது பக்கம் வந்தது. முன்னால் யாரும் இல்லை, கோலும் ரொம்ப தூரம். காலை மாற்றிக்கொள்ள நேரம் நிறைய இருந்தது. அவன் மாற்றவில்லை. வலது காலைப் பின்னால் இழுத்து, ஆறு வயதுப் பிள்ளை உதைப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தான்.

பந்து கோலுக்கு மேலே, விளம்பரப் பலகைக்கு மேலே, மதில் சுவருக்கும் மேலே போய்த் தெருவில் விழுந்தது. எண்ணூறு பேரும் ஊளையிட்டார்கள். கோச் தண்ணீர் பாட்டிலைத் தரையில் அடித்தார். எட்டாம் நம்பர் கோச்சையும் பார்க்கவில்லை, கறுப்புக் கண்ணாடிக்காரரையும் பார்க்கவில்லை. கிழக்கு கேலரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.

அக்கா அழுதுகொண்டே கை தட்டினாள். அந்த மைதானத்தில் அதற்குக் கை தட்டியது அவள் ஒருத்திதான்.

வாத்தியார் நோட்டில் வலது கால் என்ற வரிசையில் முதன்முதலாக ஒரு கோடு கிழித்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அக்கா, அந்தப் பையன் உங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணன் பையன். நான் அத்தை." பதினோரு வருடத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள்.

வாத்தியாருக்குச் சட்டம் சட்டம்தான். "அப்ப எந்திரிங்க. கீழ போய் உக்காருங்க."

பெஞ்சில் விரித்திருந்த தன் துண்டை மடித்து எடுத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். தகர நாற்காலி வெயிலில் கொதித்தது. அதில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பின்னாலிருந்து மெக்கானிக் குரல் கொடுத்தார். "அக்கா, தீர்ப்பு கேக்க வேணாமா?"

"எனக்கு என்னத்துக்கு? நான் சொந்தக்காரி" என்றாள் திரும்பாமலே.

கடைசி விசில் ஊதியதும் அவன் நேராக வேலிக்கு வந்தான். வியர்வை வழிந்தது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"உங்க நாளைக்கு வர்றதுக்குப் பதினோரு வருஷமா அத்தை?"

சிரித்தபோது அந்த முன்பற்கள் இரண்டையும் பார்த்தாள். அச்சில் ஓட்டையாக இருந்த இடத்தில் நன்றாக முளைத்து, ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறி நின்றன. சொல்வதற்கு எத்தனையோ சேர்த்து வைத்திருந்தாள்.

"கால் வலிக்குதாடா?" என்று கேட்டாள்.