ஸ்ரீசூர்ணத்தின் மேல் போட்ட பழி

உடம்பில் பன்னிரண்டு இடங்களில் திருமண் இட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். பதினொன்றாவது இடம் இடுப்புக்குப் பின்னால். போன மாசியில் ஒரு நாள் காலை அங்கே விரல் வைத்தபோது சொரசொரவென்று ஏதோ தட்டுப்பட்டது. மனைவியைப் பார்க்கச் சொன்னேன்.

"கறுப்பு மெழுகு சொட்டினாப்பல ஒட்டிண்டிருக்கு. பதினாலு. நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே எண்ணிட்டேன்" என்றாள்.

அரிப்பும் இருந்தது. நாமத்தின் நடுக்கோட்டுக்கு இடுகிற சிவப்புப் பொடியில், ஸ்ரீசூர்ணத்தில்தான் கலப்படம் என்று முடிவு கட்டினேன். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மேல்கோட்டையிலிருந்து வேறு வரவழைத்தேன். அடுத்த மாதம் முப்பத்தொன்று. ஸ்ரீசூர்ணமே வேண்டாமென்று நிறுத்தினேன். அதற்கடுத்த மாதம் ஐம்பத்து மூன்று. பொடியே படாத விலாவிலும் முளைத்திருந்தன. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நாலு இட்லி இரண்டாகக் குறைந்ததையும், பெல்ட்டில் மூன்று ஓட்டை உள்ளே போனதையும் வயசு என்று தள்ளிவிட்டேன்.

தோல் டாக்டர் சின்னப் பெண். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, மருக்களில் கெடுதல் எதுவும் இல்லை என்றார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

"கூத்கொள்ளி, தாத்தா" என்று கன்னடத்தில் அதட்டி உட்கார வைத்தார். எத்தனை மாதத்தில் வந்தன என்று கேட்டார். மூன்று மாதக் கணக்கையும் ஒப்பித்தேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. வயதானால் இப்படி ஒன்றிரண்டு வரும், வருஷக்கணக்கில் மெதுவாகக் கூடும். இத்தனை வேகமாக வந்தால், அபூர்வமாக, உள்ளே புற்று இருப்பதைத் தோல் காட்டிக்கொடுப்பதாக இருக்கலாம் என்றார். பசி எப்படி, எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்டுவிட்டு, வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கச் சீட்டு எழுதினார்.

வெளியே வந்ததும் மனைவி, "நான் சரியா எண்ணலையோ என்னமோ. நாப்பதா இருக்கப்போறது" என்றாள். ஐம்பத்து மூன்றைக் குறைத்தால் வயிறு சரியாகிவிடும் என்பதுபோல.

குழாய் விட்டவர் ஆறு இடத்தில் சதை கிள்ளி அனுப்பினார். எட்டாம் நாள் முடிவு வந்தது. என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். பத்தொன்பது நிமிஷம். வெளியே வந்தவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"ஒண்ணுமில்லை. ஆபரேஷன் பண்ணிட்டா சரியாப் போயிடுமாம்."

"எங்கே?"

"இங்கேயேதான், இந்த ஆஸ்பத்திரியிலேயே" என்றாள். நான் கேட்டது உடம்பில் எங்கே என்று. அது அவளுக்குத் தெரியும்.