இரண்டு கம்பத்து இருட்டு

வெந்நீரில் வேகும் கோணிச்சாக்குக்கு ஒரு வாடை உண்டு. நனைந்த வைக்கோலும் பழைய தவிடும் கலந்தாற்போன்ற அந்த வாடை எங்காவது மூக்கில் பட்டால், செலண்டாருக்கு அப்பால் நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான லயமும், அதைச் சுற்றி நின்ற முள்கம்பி வேலியும், வேலிக்கு வெளியே மினுங்கிய இரண்டு கண்களும் என் முன்னால் வந்து நிற்கும்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் அவசரகாலம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது எங்களுக்கு அந்த வேலிதான். தோட்டத்தில் ஆங்காங்கே சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்துக் கம்பி கட்டி, மூலையில் உயரமான காவல் பரண் ஒன்றை எழுப்பியிருந்தார்கள். பொழுது சாய்ந்தால் வீட்டைவிட்டு யாரும் வெளியே வரக்கூடாது. வேலிக்கு அப்பால் ஏதாவது அசைந்தால் சுட்டுவிடுவார்கள். பரணிலிருந்த பெரிய விளக்கை நாங்கள் ‘சுத்து லைட்டு’ என்போம். இரவெல்லாம் அது சுழன்று வரும்போது பலகைச் சுவரின் இடுக்கு வழியே வெளிச்சம் நுழைந்து, தூங்குகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டுப் போகும். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோக முடியாது. கடையில் ‘டின் பாலு’ வாங்கினால் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் தருவார்கள். காட்டுக்குள் ஒளிந்து அரசோடு சண்டையிடுகிறவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாதாம்.

தோட்ட எல்லையில் கீரை பயிரிட்டு வாழ்ந்த சீனர் ஒருவரை ‘கீரைத் தவுக்கே’, அதாவது கீரை முதலாளி, என்று அழைப்போம். ஒருநாள் அவர் குடும்பத்தையும் கோழிக்கூண்டுகளையும் லாரியில் ஏற்றி, புதிதாக அமைத்த கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். லாரி உறுமியதுமே அவருடைய பழுப்பு நிறத் தாய் நாய் வாலை இடுக்கிக்கொண்டு ரப்பர் மரங்களுக்குள் ஓடி மறைந்துவிட்டது. அவர் எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. குட்டிகள் லாரியில் ஏறின. ஒன்றை மட்டும், இருப்பதிலேயே சிறியதை, பள்ளிவிட்டு வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் கையில் வைத்து, “லு அம்பில் லா” என்றார். நீயே எடுத்துக்கொள் என்று அர்த்தம். அவர் லாரியில் ஏறியதை நான் கவனிக்கவில்லை. குட்டியின் வயிறு என் உள்ளங்கையில் துடித்துக்கொண்டிருந்ததே எனக்குப் போதுமான உலகமாக இருந்தது.

பகலெல்லாம் சமர்த்தாக இருந்த குட்டி, விளக்கணைத்ததும் அழ ஆரம்பித்தது. மடியில் வைத்துத் தட்டினேன். டின் பாலைக் கரைத்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். அம்மாவின் பழைய சேலையில் சுற்றினேன். மூச்சு வாங்குவதற்காக நிறுத்துமே தவிர, அழுகையை நிறுத்தவில்லை.

“வாயில்லா ஜீவன்னு பேரு. இதுக்கு வாயத் தவிர வேற ஒண்ணுமே இல்லியே!” என்றாள் அம்மா.

அடுத்த வீட்டு முனியம்மா அக்கா பலகைச் சுவரைத் தட்டினாள். “என்ன அண்ணி, தோட்டத்துக்குப் புதுசா சைரன் வாங்கிட்டீங்களா? எப்ப நிப்பாட்டுவீங்க?”

அன்றிலிருந்து அதன் பெயர் சைரன்.

விடிந்ததும் காவல் கோப்ரல் எங்கள் வாசலுக்கு வந்தார். நெடிய மலாய்க்காரர், தோட்டத்துப் புழக்கத்தில் கொஞ்சம் தமிழ் பேசுவார். குட்டியிடமிருந்து எட்டியே நின்றுகொண்டு அப்பாவிடம், “ராத்திரி பிசிங் ரொம்ப. வெளியே யாராச்சும் நடந்தா எனக்குக் காது கேக்காது. இன்னிக்கு ஒரு ராத்திரி பாப்பேன். நாளைக்கு இது வெளியே லா” என்றார். பிசிங் என்றால் இரைச்சல். வெளியே என்றால் காடு. என் உள்ளங்கையளவு இருந்த உயிரைக் காட்டில் விடுவது என்றால் என்ன என்பது எனக்குப் புரிந்தது.

அப்பா பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்லர், அதிகம் பேசுகிறவரும் அல்லர். அன்று பால் வெட்டிவிட்டுத் திரும்பும்போது கீரைத் தவுக்கேயின் காலி வீட்டுப் பக்கம் போய், தாய் நாய் படுத்துக் குட்டி போட்ட கோணிச்சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். வேலி வாசல் சோதனையில் காவலர்கள் அதை விரிக்கச் சொன்னார்களாம். வெளியே போகும் சாக்கைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். வெறும் சாக்கு ஒன்று உள்ளே வருவது புதிது. கோப்ரல் ஒரு குச்சியால் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது என்னாத்துக்கு?” என்று கேட்க, “தாய் வாசன துவான். அது இருந்தா தூங்கும்” என்று பணிவாகச் சொன்னாராம் அப்பா. துவான் என்றால் ஐயா.

சாக்கை அடுப்படியில் போட்டுவிட்டு அவர் குளிக்கப் போனார். குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா அதைப் பெரிய டின்னில் அமுக்கி, சோடா உப்பைக் கொட்டி, கொதிக்க வைத்துவிட்டாள்.

“உண்ணியும் தெள்ளுமா ஊருது! இத மேல போட்டா புள்ளைங்களுக்குச் சொறிதான் வரும்” என்றாள் பெருமையாக. அப்பா டின்னிலிருந்து எழுந்த ஆவியையே பார்த்துக்கொண்டு நின்றார். விஷயம் புரிந்ததும் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அன்றிரவு, வெந்த சாக்கை முகர்ந்து பார்த்த சைரன் முதல் நாளைவிடக் கூடுதலாக அழுதது. நான் என் சட்டைக்குள் விட்டு அணைத்துக்கொண்டேன். பயத்தில் நானும் அழுதிருப்பேன். அப்போது வேலிக்கு வெளியிலிருந்து மெல்லிய முனகல் ஒன்று வந்தது. குட்டி சட்டென்று அடங்கியது. மறுகணம் என் பிடியிலிருந்து நழுவி, கதவின் கீழ் இடுக்கு வழியாக வெளியே போய்விட்டது.

பாய்ந்து எழுந்தேன். அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தினார். “ஊரடங்குடா” என்றார். இருவரும் பலகை இடுக்கில் கண்ணை வைத்தோம்.

சுத்து லைட்டு சுழன்று வந்தது. வேலியின் இரண்டு கம்பங்களுக்கு நடுவே, வெளிப்புறத்தில், அந்தத் தாய் நாய் நின்றிருந்தது. வெளிச்சம் அதன்மேல் வந்து நின்றுவிட்டது. கோப்ரல் காவலிருந்த பரணில் துப்பாக்கியை இழுத்துத் தயார் செய்யும் சத்தம் கேட்டது. எல்லா வீட்டு இடுக்குகளிலும் கண்கள் இருந்தன என்பதை நான் பார்க்காமலே அறிந்தேன்.

லாரிச் சத்தத்துக்கு ஓடிப்போன நாய் அது. இப்போது ஓடவில்லை. கண்கூசும் வெளிச்சத்தில் பரணை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. பிறகு, யாரும் இல்லாத இடத்தில் படுப்பதுபோல, கம்பியை ஒட்டி மெல்லப் படுத்துக்கொண்டது. சைரன் தத்தித் தத்திப் போய், அடிக்கம்பிக்குக் கீழே தலையை நுழைத்து, முட்டி முட்டிப் பால் குடிக்கலாயிற்று.

அந்த வெளிச்சம் எவ்வளவு நேரம் அங்கே நின்றதோ தெரியாது. பிறகு அது நகர்ந்தது. ரப்பர் மரங்களின் பக்கம் போய், ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்து, முதல் கம்பத்தருகே தாழ்ந்து அணைந்து, இரண்டாவது கம்பத்தைத் தாண்டியதும் மறுபடி எரிந்தது. அடுத்த சுற்றிலும் அப்படியே. விடியும்வரை அப்படியே. வேலி கட்டிய நாளிலிருந்து வெளிச்சத்துக்கே பழகிப்போயிருந்த எங்களுக்கு அந்த இரண்டு கம்பத்து இருட்டு, கோயில் கருவறை இருட்டைப்போல இருந்தது. அப்பா தம்மையறியாமல் கைகூப்பியிருந்தார்.

காலையில் கதவைத் திறந்தபோது, சைரன் வாசற்படியில் வயிறு புடைக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன அப்பா, வேலி வாசலில் கோப்ரலைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு நின்றாராம். அவரோ வேறெங்கோ பார்த்தபடி, “நேத்து பிசிங் இல்லே” என்றாராம். அவ்வளவுதான்.

அதன் பிறகும் பல இரவுகள் அந்தத் தாய் வந்தது. “ஐ.சி. இல்லாம வேலிகிட்ட வந்துட்டுப் போற ஒரே ஆளு அவதான்” என்று முனியம்மா அக்கா சிரிப்பாள். ஐ.சி. என்பது அடையாள அட்டை. குட்டி சோறு தின்னப் பழகிய பின் ஒருநாள் தாய் வரவில்லை. அன்று சைரன் அழவுமில்லை. “தாயி சொல்லிட்டுத்தான் போயிருக்கும்” என்றார் அப்பா.

நான் இப்போது ரெம்பியா பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான்தான். விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போனால், வேலி இருந்த இடத்தில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். பரண் இல்லை, அதன் மரங்கள் யார் யார் வீட்டு மாட்டுக்கொட்டகையிலோ இருக்கின்றன. கோப்ரல் மாற்றலாகிப் போன ஊர் எங்களுக்குத் தெரியாது. சைரனும் போய்விட்டது. அந்தக் கம்பங்கள் நின்ற இடத்தைப் பிள்ளைகளிடம் காட்டினால் அங்கே புல்தான் இருக்கிறது.

அப்பா இன்னும் பால் வெட்டப் போகிறார். இருட்டு பிரியாத நேரத்தில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவர் நடப்பதை வாசலிலிருந்து பார்ப்பேன். அந்த இடம் வந்ததும் உள்ளங்கையால் விளக்கை மூடிக்கொள்கிறார். இரண்டு கம்பங்கள் நின்ற தூரத்தை அப்படியே கடக்கிறார். பிறகு கையை எடுக்கிறார்.