பூப்போட்ட குடை கேட்டேன்

இன்று பெரம்பலூரில் வெயிலுக்குக் குடை வாங்கும்போது பழைய நினைப்பு வந்துவிட்டது.

எண்பதுகளில், கல்யாணமான புதிதில், பூலாம்பாடிப் பக்கம் கிராம நர்சாக இருந்தேன். தடுப்பூசி போட ஊர் ஊராக நடக்க வேண்டும்.

குடை எடுக்கக் கடைக்குப் போனோம். நான் பூப்போட்ட மடக்குக் குடையைக் காட்டினேன். வாத்தியாரான என் கணவர் பெரிய கறுப்புக் குடையை எடுத்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"கனமா இருக்குங்க. எப்படித் தூக்கிட்டு நடப்பேன்?"

"நான் பிடிச்சுக்கறேன். பள்ளிக்கூடம் லீவுதானே, கூட வரேன்" என்றார், கடைக்காரரைப் பார்த்தபடி.

அந்தக் கோடை முழுக்க வந்தார். குடையை என் பக்கமே சாய்த்துப் பிடித்ததில் அவருடைய ஒரு கை மட்டும் கறுத்துப்போனது.

உங்கள் வீட்டில் குடை பிடிப்பது யாருங்க?