ஐந்தாவது படகு

சுகிர்தாவுக்கு இருபது வயது. தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் காலை ஷிப்ட். மதியம் இரண்டு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே ஏரிக்கு ஓடுவாள். ஒற்றை முழங்காலை ஊன்றி, ஒரே பக்கம் துடுப்புப் போட்டு ஓட்டும் கேனோ என்றால் அவளுக்கு உயிர். ‘அது ஆம்பளைங்க ஓட்டுறது, நீ உட்கார்ந்து ஓட்டுற கயாக்குக்குப் போ’ என்று ஏரிக்கரைப் படகு கிளப்பில் எல்லாரும் சொல்லிச் சொல்லி அவர்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அவள் மசியவில்லை.

போன வருஷம் மாநிலப் போட்டிக்குப் போனால், பெண்கள் கேனோவுக்கு வந்திருந்ததே மூன்று பேர். அங்கே ஒரு விதி: ஐந்து பேர் கிளம்பி, ஐந்து பேரும் கோட்டைத் தாண்டினால்தான் பந்தயம் செல்லும். முதல் இரண்டு பேருக்குத் தேசியப் பயிற்சி முகாம். மூன்று பேரை வைத்து என்ன செய்வது? ரத்து என்றுவிட்டார்கள். எண் குத்திய பனியனோடு கரையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினாள். வயிறு எரியாதா பின்னே?

இந்த வருஷம் அவளையும் சேர்த்து நாலு பேர் தேறிவிட்டார்கள். ஐந்தாவது ஆளுக்கு, பேக்கிங் மேசையில் பக்கத்தில் நிற்கும் சோனியாவைப் பிடித்தாள். சோனியாவுக்கு நீச்சல் தெரியும், அவ்வளவுதான்.

“ஜெயிக்க வேணாம்டி. கவுராம கோட்டைத் தாண்டு, போதும்.”

“உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?” என்றாள் சோனியா. ஆனாலும் வந்தாள்.

வந்தவள் தினமும் தண்ணீரில் விழுந்தாள். முழங்காலை ஊன்றுவாள், அடுத்த நொடி தொப்பென்று ஏரிக்குள். பத்து நாள் கழித்துத்தான் சுகிர்தாவுக்கு விஷயம் பிடிபட்டது. முட்டி போட்டதும் சோனியா கண்ணை மூடிக்கொள்கிறாள்! காலையும் மாலையும் குடும்ப ஜெபத்தில் முட்டி போட்டு வளர்ந்த பெண்.

“தானா மூடிக்குதுடி, நான் இன்னா பண்றது?”

“வூட்ல கண்ணத் தொறந்துகினே ஜெபம் பண்ணிப் பழகு. கர்த்தர் ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு.”

கர்த்தர் கோபித்தாரோ என்னவோ, சோனியாவின் அம்மா ஞானம்மா கோபித்துக்கொண்டார். “கண்ண உருட்டிக்கினு இன்னாடி ஜெபம்?” என்று தொடையில் ஒரு கிள்ளு. அதையும் வாங்கிக்கொண்டு, ஒரு மாதத்தில் சோனியா விழாமல் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

போட்டி அன்று ஐந்து படகுகள் வரிசையில் நின்றன. இருநூறு மீட்டர். சுகிர்தா தோள் கழன்றுவிடும்போல் துடுப்பு வலித்து, இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டினாள். தாண்டி என்ன? சோனியா இன்னும் பாதி தூரத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தாள். அவள் கவிழ்ந்தால் எல்லாம் போச்சு. பாதுகாப்புக்காகச் சுற்றிய மோட்டார் படகு கிளப்பிய அலை ஒன்று அவளை அடித்தது. படகு சாய்ந்தது. கரையில் நின்ற முன்பின் தெரியாத பெண்களெல்லாம் “நிமிரு, நிமிரு” என்று கத்தினார்கள். சோனியா துடுப்பைத் தண்ணீரில் அழுத்தி நிமிர்ந்தாள். கடைசி ஆளாக, கோட்டைத் தாண்டினாள். பந்தயம் செல்லும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

கரையேறியதும் சுகிர்தா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“அழுவாத. அடுத்த வருசம் அஞ்சாவதுக்கு வேற ஆளப் பாத்துக்க,” என்றாள் சோனியா, மூச்சு வாங்க.

“ஏன்டி, வர மாட்டியா?”

“வருவேன். உன்ன முந்துறதுக்கு வருவேன்.”

சுகிர்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.