அண்ணாவின் கிளட்சும் நான் எழுதாத பெயரும்

எங்கள் அண்ணாவின் முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல, உடன்பிறந்தவள் என்று நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

அண்ணா கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். தந்தையை இழந்ததும் படிப்பை நிறுத்தி, கப்பல் அலுவலகமொன்றில் எழுதுவினைஞராகி, என்னைப் படிப்பித்துக் கலியாணமும் செய்துவைத்தார். தமக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது ஒரு பழைய மோட்டார் சைக்கிள் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில், நாங்கள் எல்லோரும் வாடகைக்கு இருந்த வெள்ளவத்தை வீட்டு முற்றத்தில் அதைக் கழற்றிப் பூட்டுவார். மேல்மாடியில் குடியிருந்த நண்பரும் கூட இருப்பார்.

அதன் கிளட்ச் ஒட்டிக்கொள்ளும். பிடியை முழுவதும் அழுத்தினாலும் உள்ளே தட்டுகள் விலகாது. கியர் போட்டதும் வண்டி முன்னே பாயும். கேபிளைச் சரிசெய்தார்கள், எண்ணெய் மாற்றினார்கள். கடைசியில் மூடியைத் திறந்தபோது, தட்டுகள் நகரும் பள்ளங்கள் தேய்ந்து, தட்டுகள் சிக்கும்படி தடக்கு விழுந்திருந்தன. நண்பர் அவற்றை அரத்தால் ராவிப் பூட்டினார். "இனிப் பாயாது மச்சான், பயப்பிடாமல் கொண்டுபோ" என்றார்.

போர்க்காலம் அது. மறுநாள் காலை இராணுவச் சோதனைச் சாவடியில் வண்டி பாய்ந்தது. இராணுவத்தினர் சுடாதது கடவுள் செயல். ஆனால் மோத வந்தவர் என்று அண்ணாவைப் பிடித்துச் சென்றார்கள். வண்டியின் பழுதை அறிந்தவர் யாராவது வந்து சொல்லட்டும் என்றார்கள் பொலிசார். கைக்குழந்தையோடு மேல்மாடிக்கு ஏறினேன். நண்பர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"தங்கச்சி, எனக்கும் பிள்ளையள் இருக்கினம். பொலிஸ் வந்து கேட்டது. அந்த மோட்டச்சைக்கிளைத் தொட்டதே இல்லையெண்டு சொல்லிப்போட்டன்."

எங்கள் வீட்டுச் சொந்தக்காரச் சிங்கள அம்மையார்தான் பல வாரம் அலைந்தார். அந்த வண்டி ஏற்கெனவே ஒருதரம் பாய்ந்து தன் பூச்சாடிகளை உடைத்ததென்று பொலிசாரோடு சண்டை பிடித்து அண்ணாவை மீட்டார். தடுப்புக்காவலில் பிடித்த இருமல் மட்டும் அவரை விடவில்லை.

அண்ணா மறுபடியும் முற்றத்தில் வண்டியைக் கழற்றத் தொடங்கினார். ஒரு ஞாயிறு நண்பர் தயங்கித் தயங்கி இறங்கிவர, அண்ணா அரத்தை எடுத்துக் கொடுத்தார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நானென்றால் போய்ச் சொல்லியிருப்பேனா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். போயிருப்பேன் என்று துணிந்து சொல்ல முடியவில்லை. அப்படியிருந்தும் ஆறவில்லை.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அண்ணா சொன்னார்: "மலர் அடிச்சால், நன்றி சொல்லுற இடத்தில அவன்ரை பேரையும் போடு."

அந்த அம்மையாருக்கும், மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், எங்களுக்குச் சமைத்து அனுப்பிய அயலவர்களுக்கும், சுடலைவரை கூட வந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணா சொன்ன எதையும் நான் தட்டியதில்லை. அச்சுக்குக் கொடுக்கும்போது இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் வெட்டினேன். அந்த ஒரு பெயருக்கு எனக்குக் கை வரவில்லை.