பாலைவனத்துக்கு வந்த கருவாடு

அம்மா பிறந்து வளர்ந்தது கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். கல்யாணத்துக்கு முன்னால் அவள் போன தூரமான ஊர் தாம்பரம், அதுவும் தீபாவளிக்குத் துணி எடுக்க. அப்பா விமானப்படையில் மெக்கானிக். எனக்கு ஆறு வயது நடக்கும்போது அவருக்கு மாற்றல் வந்தது. ராஜஸ்தானின் மேற்கு ஓரத்தில், எல்லைக்குச் சமீபமாக ஒரு சின்ன ராணுவ ஊர்.

ரயிலை விட்டு இறங்கி, படை லாரியின் பின்பக்கத்தில் பெட்டி படுக்கையோடு உட்கார்ந்து போனோம். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மணல் மேடுகள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இன்னாங்க, இவ்ளோ மணலு கீது, கடலு எங்க?"

அப்பா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. அவள் கேலிக்காகக் கேட்கவில்லை. மணல் இருந்தால் அது முடிகிற இடத்தில் கடல் இருக்கும், அவளுக்குத் தெரிந்த பூமி அப்படித்தான்.

அந்த ஊரில் ஒரு கடைத்தெரு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஆஸ்பத்திரி, மிச்சமெல்லாம் விமானதளமும் எங்கள் குவார்ட்டர்ஸும்தான். ஜெட் கிளம்பினால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கும். டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு, சத்தம் தேய்கிறவரை சாக்பீஸைப் பிடித்தபடி நிற்பார். நாங்கள் அந்த இடைவெளியில் ரகசியம் பேசி முடித்துவிடுவோம். கோடையில் எல்லாருமே கயிற்றுக் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டுத்தான் தூங்குவோம். தலைமாட்டில் மண்பானை. தண்ணீர் லாரியில் வரும், சில நாள் வராது. முகம் கழுவின தண்ணீரைப் பிடித்து வைத்துத் தரை துடைக்க எனக்கு அங்கேதான் பழக்கமானது. இன்றைக்கும் கூடுவாஞ்சேரி வீட்டில் குழாய் சொட்டினால் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது.

எனக்கு அந்த ஊர் உடனே பிடித்துப்போனது. அம்மாவுக்குத்தான் பிடிபடவில்லை. மீன் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. அங்கே மீன் கிடையாது. லீவுக்குப் போய்த் திரும்புகிற தமிழ்க்காரர்கள் யாராவது குப்பத்திலிருந்து கருவாடு வாங்கி வந்தால் உண்டு. அதையும் நினைத்த நேரத்தில் சமைக்க முடியாது. எங்கள் சுவரோடு சுவராக ஒட்டிய வீட்டில் இருந்தது அந்த ஊர்ப்பக்கத்துக் குடும்பம். அந்த அங்கிளும் அப்பாவோடு வேலை பார்த்தவர்தான். வெங்காயம்கூடச் சேர்க்காத சைவம். முதல் தடவை எங்கள் அடுப்பில் கருவாடு கொதித்த அன்று, அந்த வீட்டு ஆன்ட்டி தலையில் போட்டிருந்த ஓட்னித் துணியால் மூக்கை மூடிக்கொண்டு ஜன்னலைச் சாத்தியதை அம்மா பார்த்துவிட்டாள். அன்றைக்கு அம்மா குழம்பைத் தொடவே இல்லை.

அதற்கப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் தெரு முனையிலிருந்து பார்த்தால் வேலிக்கு அந்தப்பக்கம் ஓடுதளம் தெரியும். அங்கே ஒரு கம்பத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட துணிக்குழாய் ஒன்று பறக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விமானிகளுக்குக் காட்ட வைத்தது. அம்மா அதற்கு வைத்த பேர் சட்டைக்கை.

"பாப்பா, சட்டைக்கை எந்தப் பக்கம் நீட்டிகினு கீதுன்னு பாத்துட்டு ஓடியா."

காற்று எங்கள் வீட்டிலிருந்து காலி மைதானத்துப் பக்கம் அடித்தால் அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. ஆன்ட்டி வீட்டுப் பக்கம் அடித்தால் பருப்பு. கோடிக்கணக்கில் விலையுள்ள விமானங்களுக்காக நட்ட கம்பத்தை வைத்து எங்கள் வீட்டுச் சமையல் நடந்தது. அப்பா இதைத் தன் கூட்டாளிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

தம்பி வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கு மசக்கை கடுமையாக இருந்தது. ரொட்டி வாசனையே ஆகவில்லை. கஞ்சியும் நிற்கவில்லை. கண்ணெல்லாம் உள்ளே போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றி அனுப்பினார்கள். எது வேண்டும் என்று அப்பா கேட்டால் ஒரே பதில்தான். "நெத்திலிக் கருவாடு கொஞ்சம் இருந்தா..."

வைகாசி வெயிலில் ஒருநாள் அது வந்து சேர்ந்தது. லீவு முடிந்து திரும்பிய ஒரு அண்ணன், குப்பத்தில் மாமா கட்டிக்கொடுத்த மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினார். ரயில் பெட்டியில் எல்லாரும் தன்னைத் திட்டியே தீர்த்துவிட்டார்கள் என்றார். அம்மா மூட்டையைப் பிரித்து முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பல நாளைக்கப்புறம் அவள் சிரித்ததைப் பார்த்தேன். கருவாடு பயணத்தில் வேர்த்துப் போயிருந்தது. ஒருவேளைக்கு எடுத்துக்கொண்டு மற்றதைக் காயவைக்கலாம் என்று, கொல்லையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, அதன்மேல் பழைய புடவையை விரித்து, நெத்திலியும் வாளையுமாகப் பரப்பினாள்.

அன்று சட்டைக்கை துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. இலை அசையவில்லை. அடுப்பில் புளியைக் கரைத்து ஊற்றுகிற நேரத்துக்கு மேற்கே வானம் பழுப்பாக எழுந்து வந்தது. "ஆந்தி! ஆந்தி!" என்று தெருவெல்லாம் கத்தல். மணல்புயலை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். நான் ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தினேன். அம்மா கொல்லைக்கு ஓடினாள். நான் அவள் புடவையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அதற்குள் மணல் முகத்தில் ஊசி ஊசியாகக் குத்தியது. கதவைச் சாத்தும்போது பார்த்தேன். விரித்த புடவை கருவாட்டோடு எழுந்து, மதில் மேலாகப் பறந்துபோனது.

புயல் அடங்கி நாங்கள் கதவைத் திறந்தபோது கட்டில் தலைகீழாகக் கிடந்தது. ஒரு நெத்திலிகூட இல்லை. அடுப்பிலிருந்த குழம்பில் மணல் ஒரு படலமாக மிதந்தது. அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "அவங்க வூட்ல போய் விழுந்திருக்கும், பாப்பா. இன்னா சொல்லப் போறாங்களோ" என்று மட்டும் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டுகிற சத்தம். ஆன்ட்டிதான். தலைமுடி, புருவம் எல்லாம் தூசி. ஓட்னியை மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள். ஒரு கையில் ரொட்டி திருப்புகிற இடுக்கி. இன்னொரு கையில் அகலமான தட்டு. அதில் எங்கள் கருவாடு, மணல் அப்பியபடி. முற்றத்தில், துளசிமாடத்துப் பக்கத்தில், கொடியில் காய்ந்த துணிகளுக்கு நடுவில் என்று தேடித் தேடி ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து வந்திருக்கிறாள்.

அம்மா எழுந்து கைகூப்பினாள். அவளுக்கு அப்போது தெரிந்த ஹிந்தி எல்லாம் கடைவீதி ஹிந்தி. "மாஃப் கரோ, பாபி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மன்னித்துவிடு, அண்ணி என்று.

ஆன்ட்டி தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஒரு குடம் தண்ணீரோடு திரும்பி வந்தாள். அன்று தண்ணீர் லாரி வரவில்லை. எங்கள் பானையில் குடிக்க மட்டும்தான் இருந்தது. அவர்கள் வீட்டிலும் அதே கதைதான் என்று தெருவுக்கே தெரியும்.

"கழுவிக்கோ" என்றாள் ஹிந்தியில். பிறகு என்னைப் பார்த்து, "உன் அம்மாவுக்குச் சொல்லு. வயிற்றில் பிள்ளை இருக்கிறபோது எதற்குக் காற்று பார்க்கணும்? எந்தப் பக்கம் அடித்தாலும் சமைக்கச் சொல். நான் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன். ஜன்னல் எதற்கு இருக்கிறது?"

நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. குடத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆன்ட்டி பக்கத்தில் உட்கார்ந்தாள். மூக்கைச் சுற்றிய துணியை மட்டும் அவிழ்க்கவே இல்லை.

அன்றிலிருந்து அம்மா சாப்பிட ஆரம்பித்தாள். தம்பி அந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே பிறந்தான். பிள்ளை பெற்றவளுக்கென்று அந்த ஊரில் செய்கிற மாதிரி, ஆன்ட்டி வேலம்பிசினும் நெய்யும் போட்டு லட்டு பிடித்து டின் டின்னாகக் கொண்டுவந்தாள். தம்பிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். மதிலில் ஒரு பக்கம் செங்கல் பெயர்ந்து கிடந்தது. அதன் வழியாகக் குழம்புச் சட்டி தவிர மற்ற எல்லாம் போய்வந்தன.

எனக்குப் பதினொரு வயதில் தாம்பரத்துக்கு மாற்றல். அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கிளம்புகிற அன்று மட்டும், லாரி நகர்ந்த பிறகும் ஆன்ட்டியின் கையை விடாமல் பிடித்திருந்தாள். ஆன்ட்டி லாரியோடு கூடவே நடந்து வந்தாள்.

தாம்பரம் எனக்கு அந்நியமாக இருந்தது. உடம்பெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. உப்பு ஜாடியில் ஈரம் கோத்தது. எங்கே பார்த்தாலும் வீடு, மரம், சுவர். தூரம் என்று ஒன்றைக் கண்ணால் பார்க்கவே முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் என் தமிழைக் கேட்டு "ஹிந்திக்காரி" என்று பேர் வைத்தார்கள். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் கோவளம் போனாள். எனக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை என் மணல் ஊருக்குத் திரும்பிப் போவது என்று தெரியவில்லை.

பல வருஷம் கழித்து, அப்பா ஓய்வுபெற்று கூடுவாஞ்சேரியில் வீடு கட்டிய பிறகு, ஆன்ட்டியும் அங்கிளும் ராமேஸ்வரம் போகிற வழியில் எங்களோடு வந்து தங்கினார்கள். மறுநாளே அம்மா ஆன்ட்டியைக் கடல் காட்டக் கூட்டிப்போனாள். நானும் கூடப் போனேன். ஆன்ட்டி அதுவரை கடலைப் பார்த்ததில்லை. பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, அலை பாதத்தைத் தொட்டதும் அம்மாவின் தோளை இறுக்கிக்கொண்டாள். ரொம்ப நேரம் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்?"

எல்லையோரத்திலேயே வாழ்ந்தவள். அவளுடைய ஊரில் அந்தப் பக்கம் என்றால் இன்னொரு தேசம், காவல் கோபுரம், கம்பி வேலி.

"யாரும் இல்ல பாபி. ஸிர்ஃப் பானி" என்றாள் அம்மா. வெறும் தண்ணீர்தான்.

ஆன்ட்டி நம்பாதவள் மாதிரி அம்மாவைப் பார்த்தாள். பிறகு ஈர மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அம்மாவும் உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. வலை உலர்த்த வந்தவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் போய் இளநீர் வாங்கி வந்தபோதும் இரண்டு பேரும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள், பாதி ஹிந்தியிலும் பாதி அம்மாவின் குப்பத்துத் தமிழிலும்.