நத்தைத் தாங்கலுக்குக் கருமாதி

தேவசகாயத்தின் தொழில் சாவு. இதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம், நல்ல மனிதர். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து தாமல் வரைக்கும் எந்த வீட்டில் உயிர் போனாலும் அவருக்குத்தான் முதல் போன். ஐஸ் பெட்டி, பந்தல், நாற்காலி, கண்ணீர் அஞ்சலி பேனர் எல்லாம் அவருடைய மினி வேனில் வந்து இறங்கிவிடும். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்தான். ஆனாலும் யாருக்கு எப்போது காரியம், தீட்டு எப்போது கழியும், எவர் தலை முழுக வேண்டும் என்பதில் அவர் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது.

அவர் வீடு திருப்புட்குழிக்குப் பக்கத்தில், நத்தைத் தாங்கலின் கரைக்குக் கீழே இருக்கிறது. தாங்கல் என்றால் சின்ன ஏரி. அதில் கோரையும் சம்பும் முளைத்து, சாய்ந்து, சரியாக மக்காமலே ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து, ஆள் உயரத்துக்குக் கறுப்பு மண்ணாகிக் கிடந்தது. அந்த மண் பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலிலும் தெருக் கிணறுகள் வற்றாததற்கு அதுதான் காரணம். தெருவே அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது.

போன வருஷம் மனை புரோக்கர் கலியாணசுந்தரம், வண்டி போக வழி வேண்டும் என்று கரையை ஓரிடத்தில் வெட்டினார். இருந்த தண்ணீரெல்லாம் அந்த வெட்டு வழியாக ஓடிப்போனது. சித்திரையில் தாங்கல் எலும்பாகக் காய்ந்தது. யாரோ குப்பைக்கு வைத்த நெருப்பு உள்ளே புகுந்து, பொழுது சாய்வதற்குள் கோரை முழுக்கச் சாம்பலாகிவிட்டது.

தேவசகாயத்துக்குத் துக்கம் தாங்கவில்லை. துக்கம் வந்தால் மற்றவர்கள் அழுவார்கள், இல்லை குடிப்பார்கள். அவருக்குத் தெரிந்தது பேனர் கட்டுவது. கரைமேல் கம்பம் நட்டு, தாங்கல் தளும்பியபோது எடுத்த படத்தைப் பெரிதாகப் போட்டு, சுற்றிலும் ரோஜாப்பூ வைத்து, ‘கண்ணீர் அஞ்சலி. நத்தைத் தாங்கல். எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திவிட்டு இயற்கை எய்தியது’ என்று அச்சடித்துக் கட்டிவிட்டார். ஏரி எப்படி இயற்கை எய்தும் என்று மகள் திரிஷா கேட்டாள். அந்த வரி எல்லாப் பேனருக்கும் பொது என்றார்.

மறுநாளே கலியாணசுந்தரம் வந்து பேனரைப் படம் பிடித்துப் போனார். ஊர்க்காரர்களே செத்துப்போச்சு என்று எழுதிக் கட்டிவிட்டார்கள், இனி இது ஏரி இல்லை, மனை என்று வாட்ஸப்பில் பரப்பினார். தேவசகாயத்தின் மனைவி சுகாசினி தலையில் அடித்துக்கொண்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட மனுஷன் என்று திட்டி, பேனரைப் பிடுங்கி எறியச் சொன்னாள். அது மட்டும் நடக்காது. கட்டிய அஞ்சலி பேனரைக் கருமாதிக்கு முன் அவிழ்த்தால் அதே இடத்தில் இன்னொரு சாவு விழும் என்பது அந்தத் தொழிலில் வேதவாக்கு.

முதலில் மனை பார்க்க வந்தவர் உமாபதி. பட்டு நெசவாளி, தறி போட நீளமாக ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தவர். அட்வான்ஸ் கொடுக்கப் பையைத் திறந்த நேரத்தில் அவர் காலடியிலிருந்து புகை வந்தது. மேலே நெருப்பு எதுவும் இல்லை. உள்ளே அந்தக் கறுப்பு மண் தணல் பிடித்து, தன்னைத்தானே மெல்லத் தின்றுகொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த தேவசகாயத்துக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

“இன்னும் எரிஞ்சிக்கினு இருக்குதுங்க. எரியற பொணத்துக்குப் பால் தெளிப்பாங்களா? பால் தெளிக்காம கருமாதி ஏது? கருமாதி ஆகாம சொத்துல கை வெக்கலாமா?”

உமாபதி பையை மூடிவிட்டார். தீட்டோடு வாங்கிய இடத்தில் கல்யாணப் புடவை நெய்தால் எவன் எடுப்பான்? ஏரிக்கு ஏதய்யா தீட்டு என்று கலியாணசுந்தரம் மல்லுக்கு நின்றார். பேனர் கட்டியாயிற்றே என்றார் தேவசகாயம். அந்தப் பேனரை ஊர் பூராவும் காட்டியது கலியாணசுந்தரமேதான்.

அன்று முதல் புகை நிற்கும்வரை மனை விற்காது என்றாகிவிட்டது. தெருவே எழுந்ததும் புகை முகத்தில்தான் விழித்தது. ஒருநாள் புகை குறைந்தபோது எதிர்வீட்டுக் கலாவதி பதறிப்போய், தாங்கலுக்குள் சாம்பிராணி போட்டுவிட்டு வந்தாள். கலியாணசுந்தரம் தன் பங்குக்கு லாரித் தண்ணீர் கொண்டுவந்து கொட்டினார். வெந்த மண் தண்ணீரைக் குடிக்கவில்லை. சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த மாதிரி உருண்டு, அவர் வெட்டிய வழியாகவே வெளியே போனது. மறுநாள் வேறோர் இடத்தில் புகைந்தது.

கல்லூரியில் படிக்கும் திரிஷாதான் கடைசியில் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குளிர் தேசங்களில் இதே மாதிரி சதுப்பு நிலங்கள் மாதக்கணக்கில் அடியில் எரியுமாம். வெட்டிய வாய்க்கால்களை அடைத்து, தண்ணீர் கீழிருந்து ஊறி மேலே வரவிட்டு, வெந்த மண்மேல் வைக்கோல் பரப்பி ஈரம் காத்து, அப்புறம் யாரும் கிட்டே போகாமல் விட்டுவிட வேண்டுமாம். அப்படி விட்டால் வேர் தப்பிய இடம் சீக்கிரம் துளிர்க்கும். மண்ணே எரிந்துபோன இடம் திரும்ப மண்ணாக நூற்றாண்டுகள் ஆகும்.

“நீங்கல்லாம் சாம்பிராணி போட்டுக்கினு இருக்கீங்க, அது அடியில போய்க்கினே இருக்குதுப்பா,” என்றாள்.

தேவசகாயம் அன்று சாப்பிடவில்லை. நெருப்பை அணைத்தால் தீட்டு கழிந்து மனை விற்றுப்போகும். அணைக்காவிட்டால் தாங்கல் அடியோடு தீர்ந்துபோகும். எப்படிப் பார்த்தாலும் கிணறு போச்சு. விடிந்ததும் சுகாசினியிடம் சொன்னார்: “வித்தா விக்கட்டும்மா. உசுரோட இருக்கறத எரிய விட்டுட்டு என்னால பாத்துக்கினு நிக்க முடியாது.”

பழுதான ஐஸ் பெட்டிகளில் களிமண் நிரப்பி வெட்டில் இறக்கினார். முதல் தூறலில் ஓட்டை வழியாகத் தண்ணீர் கசிந்தபோது, வீட்டில் சேர்ந்து கிடந்த பழைய பேனர்களை விரித்து அணை கொடுத்தார். சுற்றுவட்டாரத்தில் செத்தவர்களெல்லாம் வரிசையாகச் சிரித்துக்கொண்டு தண்ணீரைத் தடுத்தார்கள். தெருவே சேர்ந்து வைக்கோல் பரப்பியது. ஆவணியில் மழை பிடித்துக்கொண்டது. தாங்கல் சில நாள் சீறி ஆவி விட்டது, பிறகு அடங்கியது.

மழை விட்ட கையோடு கலியாணசுந்தரம் வந்து இறங்கினார். புகை நின்றாயிற்று, தீட்டைக் கழித்துவிடலாம் என்று சடங்கு செய்யும் முனிரத்தினத்தையும் உமாபதியையும் கூடவே அழைத்து வந்திருந்தார். தாங்கலில் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. ஓரத்து வைக்கோலைக் குத்திக்கொண்டு கோரை விரல் உயரம் எழுந்திருந்தது. ஆழமாக எரிந்த இடங்களில் ஒன்றும் முளைக்கவில்லை, கறுப்பாகத் தண்ணீர் மட்டும் நின்றது. கலியாணசுந்தரம் அதையெல்லாம் மழைத் தேக்கம் என்றார். வாரிசு யார் என்று முனிரத்தினம் கேட்டதற்கு நான்தான் என்று சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

முனிரத்தினம் எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிண்டம் பிடித்து இலையில் வைத்து, கரைக்க எங்கே போக வேண்டும் என்று கேட்டார். கலியாணசுந்தரம் எதிரே தாங்கலைக் காட்டினார். முனிரத்தினம் தண்ணீரைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார், இலையைக் கீழே வைத்துவிட்டார்.

“கரைக்கற அளவுக்குத் தண்ணி இருக்குதுன்னா, செத்தது யாருபா?”

சடங்கு பாதியில் நின்றால் என்ன செய்வது என்று எல்லோரும் தேவசகாயத்தைப் பார்த்தார்கள். கருமாதிக்கு உட்கார்ந்தவர் முழுகாமல் வீடு திரும்பக் கூடாது என்றார் அவர்.

கலியாணசுந்தரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். முழங்கால் நனைந்தது, இடுப்பு நனைந்தது. எரிந்த குழி ஒன்றில் கால் வைத்தவர் கழுத்துவரை போய் நின்றார். கரையிலிருந்து உமாபதி மரியாதையாகக் கேட்டார்: “இது எந்த மனைங்க?”

“கார்னர் மனை,” என்றார் கலியாணசுந்தரம்.

தேவசகாயம் சிரித்தார். சிரித்துக்கொண்டே கரையில் உட்கார்ந்தவர், அப்படியே தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார். சுகாசினி பக்கத்தில் வந்து நின்று அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.